கணப்புக்கு மேலா, பக்கத்திலா? ரொறன்ரோ வீடுகளில் தொலைக்காட்சிக்கு ஓர் இடம்

ரொறன்ரோவைச் சுற்றியுள்ள மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்ரன் பக்கங்களில் 1990களுக்குப் பிறகு எழுந்த வீடுகளில் ஃபமிலி ரூம் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கும். வெளிச்சுவரின் நடுவே ஒரு காஸ் கணப்பு, அதாவது ஃபயர்பிளேஸ். அதற்கு எதிரே குசினி. இடையில் சுவர் கிடையாது. மூன்றாவது பக்கம் பெரிய யன்னல், அல்லது பின்வளவுக்குப் போகும் கண்ணாடிக் கதவு. மிச்சம் ஒரே ஒரு முழுச்சுவர்தான்; அதிலும் ஒரு மூலையை பேஸ்மென்ட்டுக்கு இறங்கும் படிக்கட்டு பிடித்துக்கொண்டிருக்கும். 65 அங்குலத் தொலைக்காட்சி வந்து இறங்கி, பெட்டியைப் பிரித்த பிறகுதான் அதை எங்கே வைப்பது என்ற வழக்கு வீட்டுக்குள் தொடங்கும்.

பல வீடுகளில் அந்த வழக்கு ஐந்து நிமிடத்தில் முடிந்தும் விடும்: கணப்புக்கு மேலே மாட்டு. வீடு கட்டியவர்களே அங்கே மின்செருகியை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். விற்பனைக்குக் காட்டிய மாதிரி வீட்டிலும் அங்கேதான் மாட்டியிருந்தது. சோபாவும் கதிரைகளும் எப்படியும் அந்தத் திசையைத்தான் பார்க்கின்றன. கேட்க எல்லாம் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் கட்சி வேறு. கடைசியாக யோசிக்க வேண்டிய இடம் அது. அதற்குக் காரணம் எல்லோரும் அஞ்சும் வெப்பம் அல்ல, உயரம். வெப்பத்தைச் சமாளிக்க நாலு வழி உண்டு. உயரத்தைக் குறைக்க, விலைகூடிய ஒரு தாங்கியைத் தவிர, வழி எதுவும் இல்லை.

வெப்பம்: அளந்து பார்க்கக்கூடிய பயம்

தொலைக்காட்சியோடு வரும் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் ஒரு வரி இருக்கும். சாதனம் இயங்கும் இடத்தின் வெப்பநிலை இத்தனை பாகைக்கு மேல் போகக் கூடாது என்று. பெரும்பாலான நிறுவனங்கள் அந்த இடத்தில் 40 பாகை செல்சியஸ் என்று போட்டிருக்கும். அது சுற்றியுள்ள காற்றின் வெப்பம்; திரையின் சொந்தச் சூடு அதற்கு மேல் சேரும். உள்ளே இருக்கும் மின்தேக்கிகளுக்குச் சூடு ஆகாது. வெப்பநிலை 10 பாகை கூடினால் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் பழகிய கணக்கு. ஓலெட் திரையென்றால் இன்னும் கவனம் வேண்டும். ஒளியைத் தரும் கரிமப் பொருளே சூட்டில் விரைவாகத் தேய்ந்துபோகிறது. ஆகவே பயம் வீணானது அல்ல.

ஆனால் இதற்குச் செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. தொலைக்காட்சியின் கீழ்விளிம்பு எங்கே வருமோ அந்த இடத்தில் சாதாரண அறை வெப்பமானி ஒன்றைச் சுவரில் ஒட்டுங்கள். குளிர்காலத்து மாலை ஒன்றில் கணப்பை முழு வேகத்தில் இரண்டு மணி நேரம் எரியவிட்டு, பிறகு போய்ப் பாருங்கள். 30ஐ ஒட்டி நின்றால் கவலை இல்லை. 35ஐத் தாண்டினால் யோசிக்க வேண்டும். 40ஐத் தொட்டால் அந்தப் பேச்சையே விட்டுவிடலாம். உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஒரு சூடும் இல்லை" என்று தீர்ப்புச் சொல்லும் அண்ணன்மார் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. 40 பாகை கைக்கு இதமாகத்தான் இருக்கும்; அவர்களை நம்ப வேண்டாம்.

வெப்பமானி காட்டும் எண் வீட்டுக்கு வீடு மாறும். கணப்பின் கண்ணாடிக்கு மேலிருந்து கிளம்பும் சூடான காற்று சுவரை ஒட்டியே ஏறுகிறது. நடுவில் முன்னுக்கு நீண்ட மேன்டல் தட்டு ஒன்று இருந்தால் அது காற்றை அறைப்பக்கம் தள்ளிவிடும். தட்டுக்கு மேலே சுவர் கணிசமாகக் குளிர்ந்திருக்கும். இப்போதைய பாணியில் தட்டே இல்லாமல் மொட்டையாக விட்ட சுவரென்றால் அந்தக் காற்று நேரே திரையின் அடியில் போய் முட்டும். எல்லாவற்றிலும் மோசம் மாடம். 2000ஐ ஒட்டிக் கட்டிய சில வீடுகளில் கணப்புக்கு மேலே ஆழமான மாடம் ஒன்று விட்டிருப்பார்கள். அந்தக் காலத்துக் கொழுத்த குழாய்த் தொலைக்காட்சி உட்காருவதற்கென்று விட்ட இடம் அது. இன்று அதற்குள் தட்டைத் திரையைச் செருகினால், கீழிருந்து ஏறும் சூடும் திரையின் முதுகுச் சூடும் வெளியேற வழியின்றி உள்ளேயே சுழலும். அகலமும் போதாது; சதுரத்துக்குப் பக்கமான அந்த மாடத்துக்குள் அடங்கும் திரையை வாங்கினால், வீட்டில் யாருக்கும் திருப்தி இராது.

புதிய காஸ் கணப்புகள் சிலவற்றில் சூட்டைக் குழாய் வழியே கூரைக்கு அருகிலோ பக்கவாட்டிலோ கொண்டுபோய் விடும் ஏற்பாடு வருகிறது. அவற்றின் மேற்சுவர் அதிகம் சூடாவதில்லை. மின்கணப்பென்றால் சிக்கல் இன்னும் குறைவு. சுவர்ச் செருகியில் ஓடும் மின்கணப்பு பெரும்பாலும் 1500 வாட். சூட்டை அளக்கும் அலகில் சொன்னால் மணிக்கு ஏறத்தாழ 5000 பி.டி.யு. காஸ் கணப்பு அதைப்போல நாலைந்து மடங்கு சூட்டைத் தரக்கூடியது. மின்கணப்பில் சூட்டை நிறுத்திவிட்டுச் சுவாலைக் காட்சியை மட்டும் ஓடவிடவும் முடியும்.

எங்கள் வீடுகளில் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஃபர்னஸ் வீடு முழுவதையும் சூடாக்குவதால் கணப்பு எரிவது நத்தாருக்கும் விருந்தாளிகள் வரும் நாளுக்கும் மட்டும்தான். அப்படிப்பட்ட வீட்டில் வெப்பத்தை முன்வைத்து இடத்தைத் தீர்மானிப்பது, வருடத்தில் ஒரு சில மாலைகளுக்காக மற்ற எல்லா மாலைகளையும் மறந்துவிடுவதாகும்.

ஸ்காபரோவின் பழைய பங்களாக்களில் இருக்கும், விறகு எரிக்கும் செங்கல் கணப்புக்கு இந்தச் சலுகை எதுவும் பொருந்தாது. அதை எரிக்கும் எண்ணம் இருந்தால் மேலே தொலைக்காட்சி வேண்டாம். சூட்டோடு கரியும் புகையும் எழும். திரையின் காற்றுத் துளைகள் அவற்றை இழுத்துக்கொள்ளும். அந்தச் செங்கல்லில் துளை போடுவதும் சாமான்ய வேலையல்ல. பின்னால் புகைபோக்கி எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் துளைப்பானை எடுக்கவே கூடாது.

உயரம்: கழுத்து சொல்லும் கணக்கு

சோபாவில் இருக்கும் ஒருவரின் கண் தரையிலிருந்து 40 முதல் 42 அங்குலத்தில் இருக்கும். மேன்டல் தட்டு வழக்கமாக 54 அங்குல உயரத்தை ஒட்டி வரும். தட்டுக்கு மேலே நாலு அங்குலம் விட்டு 65 அங்குலத் திரையை மாட்டினால் அதன் நடு 74 அங்குலத்திலும் மேல்விளிம்பு 90 அங்குலத்திலும் நிற்கும். எட்டடிக் கூரையே 96 அங்குலம்தான். இனிக் கோணத்தைப் பாருங்கள். பத்தடி தள்ளி இருப்பவர் திரையின் நடுவைப் பார்க்க ஏறத்தாழ 15 பாகை மேலே நோக்க வேண்டும். எட்டடியில் 18 பாகை. வீட்டுத் திரையரங்கு அமைப்பவர்கள் பொதுவாக 15 பாகையைத்தான் எல்லையாக வைக்கிறார்கள். அதாவது அறையிலேயே தள்ளிப் போட்ட கதிரையில் இருப்பவர் எல்லைக்கோட்டில் நிற்கிறார். மற்ற எல்லோரும் அதைத் தாண்டிவிட்டார்கள். தரையில் சப்பாணி கட்டி இருக்கும் பிள்ளையின் கண் 28 அங்குலத்தில் இருக்கிறது என்று வைத்தால், ஆறடி தூரத்தில் அது 32 பாகைக்கு மேல் அண்ணாந்து பார்க்கிறது.

பத்து நிமிடச் செய்தி பார்க்க இது ஒரு பொருட்டல்ல. மூன்று மணி நேரப் படம், மூன்றரை மணி நேர இருபது ஓவர் ஆட்டம், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வரிசையாக ஓடும் நாடகங்கள் என்று போகும்போதுதான் கழுத்தின் பின்பக்கம் பேசத் தொடங்கும். ஊரிலிருந்து வந்து நிற்கும் அம்மாவோ அப்பாவோ கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவரென்றால் முதல் நாளே பேசும்.

படமும் கெடுகிறது. எல்சிடி திரைகளில் பரவலாக இருக்கும் வி.ஏ. வகை, நேரே பார்க்கும்போது நல்ல கறுப்பைத் தரும். பக்கவாட்டிலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் கறுப்பு வெளிறிவிடும். கடையில் கண்ணுக்கு நேரே பார்த்து மயங்கிய படத்தை வீட்டில் அண்ணாந்து பார்த்து, "கடையில் இருந்த மாதிரி இல்லையே" என்று குழம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். தாங்கியைச் சற்றுக் கீழ்நோக்கிச் சரித்தால் படம் தேறும், கழுத்து தேறாது. ஓலெட் திரையில் கோணத் தொல்லை மிகக் குறைவு. ஆனால் சூட்டுக்கு அஞ்ச வேண்டியதும் அதுதான்.

மேலே மாட்டுவதற்கு ஆதரவாக ஒரே ஒரு வாதம்தான் என்னைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வைத்தது. அதைச் சொன்னவர்கள் பெரும்பாலும் பெண்கள். குசினியில் நின்று சமைப்பவருக்கு அந்த உயரம் கச்சிதமாக இருக்கிறது என்பது அவர்கள் வாதம். கணக்குப் போட்டுப் பார்த்தால் உண்மைதான். நிற்பவரின் கண் 60 அங்குலத்தில். அடுப்படியிலிருந்து கணப்புச் சுவர் இருபது அடி என்றால் அவர் 74 அங்குலத்தில் இருக்கும் திரையை மூன்றே பாகை உயர்த்திப் பார்க்கிறார். சோபாவில் இருப்பவருக்குத் துன்பம் தரும் அதே இடம், இடியப்பம் பிழிந்துகொண்டே நாடகம் பார்ப்பவருக்குப் பொருத்தமான இடம். மாலையில் தொலைக்காட்சியை அதிக நேரம் பார்ப்பவர் அவர்தான் என்றால், அவருடைய வாக்குக்குத்தான் எடை அதிகம்.

ஆனால் திரையைக் கீழே இறக்கினால் அவருக்கு எவ்வளவு நட்டம் என்பதையும் பார்க்க வேண்டும். திரையின் நடு 42 அங்குலத்தில் வந்தால் அவர் நாலைந்து பாகை கீழ்நோக்கிப் பார்ப்பார். அதில் தொல்லை ஒன்றும் இல்லை. உண்மையான தடை இடையில் சோபாவில் இருப்பவர்களின் தலைகள். திரையைச் சுவரின் நடுவிலிருந்து சற்றுப் பக்கம் நகர்த்தினாலே அந்தத் தடை பெரும்பாலும் விலகிவிடும். அதனால்தான் அடுத்து வரும் தெரிவை நான் மேலாக நினைக்கிறேன்.

அதே சுவரில், பக்கத்தில்

ஏஜக்ஸில் என் மச்சாள் வாங்கிய வீட்டின் அறை 12க்கு 15 அடி. 15 அடிச் சுவரின் நடுவே ஐந்தடி அகலக் கணப்பு. இடப்பக்கம் ஒடுக்கமான உயர்ந்த யன்னல். வலப்பக்கம் ஐந்தடி வெறுஞ்சுவர். முந்தைய சொந்தக்காரர் கணப்புக்கு மேலே தாங்கியை விட்டுப் போயிருந்ததால் மச்சாளும் தன் 55 அங்குலத் திரையை அதிலேயே கொளுவிவிட்டார். மாமி இருக்கும் நேர்முதுகுக் கதிரை ஏழடி தூரத்தில். அங்கிருந்து திரையின் நடுவுக்கு 21 பாகை. மாமி முறையிடவில்லை, கதிரையைத்தான் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு நகர்த்தினார். கடைசியில் கதிரை குசினித் தரையின் ஓட்டில் போய் நின்றது.

இப்போது அந்தத் திரை கணப்புக்கு வலப்பக்கம், தாழ்ந்த அலுமாரி ஒன்றின் மேல் இருக்கிறது. 55 அங்குலத் திரையின் அகலம் 48 அங்குலத்துக்குச் சற்றுக் கூட. ஐந்தடிச் சுவரில் இரண்டு பக்கமும் அரையடி வீதம் மிஞ்சுகிறது. 65 அங்குலமாக இருந்தால் 57 அங்குலம் அகலம் வரும். வைக்கலாம், ஆனால் சுவரை அடைத்துவிடும். கணப்பின் சூடு மேலே போவதால் பக்கத்தில் இருக்கும் திரைக்குத் தொல்லை இல்லை. இருந்தாலும் கணப்பின் கையேட்டில் பக்கவாட்டு இடைவெளி எவ்வளவு என்று ஒரு வரி இருக்கும்; அதைப் பார்க்காமல் அலுமாரி வாங்கக் கூடாது.

இந்தத் தெரிவின் பலம், நெருப்பும் படமும் ஒரே திசையில் இருப்பதுதான். யாரும் திரும்ப வேண்டியதில்லை. குறை, சமச்சீர் போய்விடுவது. நடுவில் கணப்பு, ஒரு பக்கம் கறுப்புச் சதுரம், மறுபக்கம் ஒன்றுமில்லை. சுவர் ஒரு பக்கம் சரிந்ததுபோலத் தோன்றும். மறுபக்கம் புத்தகத் தட்டோ உயர்ந்த செடியோ வைத்து ஈடுகட்டலாம். சோபாவையும் நடுவிலிருந்து இரண்டடி திரைப்பக்கம் நகர்த்த வேண்டும். வீட்டை அழகுபடுத்துவோருக்கு இது பிடிக்காது. சோபா கணப்புக்கு நேர் நடுவில் இருக்க வேண்டும் என்பது அவர்களுக்கு வேதம். அறையில் இருப்பவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை.

இரண்டு பக்கமும் நாலடிக்குக் குறைந்த சுவரே இருக்கிறதென்றால் இந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்த சுவரில்

கணப்புச் சுவரோடு மூலையில் சேரும் முழுச்சுவர் ஒன்று காலியாக இருந்தால், அதுவே பல அறைகளுக்குச் சிறந்த இடம். திரையை எந்த அளவிலும் வாங்கலாம், எந்த உயரத்திலும் வைக்கலாம், கம்பிகளை ஒழுங்காக ஒளிக்கலாம். எல் வடிவச் சோபாவின் ஒரு கை திரையைப் பார்க்கும், மறு கை கணப்பைப் பார்க்கும். படம் பார்ப்பவர் படம் பார்க்கட்டும். தேநீரோடு கதைக்க வந்தவர் நெருப்பைப் பார்த்துக்கொண்டு கதைக்கட்டும். கீழே சுவாலை ஆட, மேலே படம் ஆட, கண் எதில் நிற்பது என்று தெரியாமல் தவிக்கும் நிலை இதில் இல்லை. நெருப்பையும் திரையையும் ஒரே நேரத்தில் ஒரே கண்ணால் பார்க்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் கிடையாது என்பதை மாதிரி வீடுகளை வடிவமைப்பவர்கள் ஏனோ எண்ணிப் பார்ப்பதில்லை.

இரண்டு விஷயங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முதலாவது யன்னல். திரைக்கு நேர் எதிரே கண்ணாடிக் கதவு வந்தால் பகலில் படத்துக்குப் பதிலாகப் பின்வளவுதான் தெரியும். மேற்குப் பார்த்த கதவென்றால் கோடை மாலை முழுவதும் திரைச்சீலையை மூடியே வைக்க வேண்டும். இரண்டாவது, எல் சோபாவின் மறு கையில் இருப்பவர். கழுத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்க்க வேண்டியவர் அவர்தான். வி.ஏ. திரையென்றால் அவருக்கு நிறமும் வெளிறும். மூட்டுள்ள தாங்கியில் மாட்டி, தேவைப்படும்போது திரையை அவர் பக்கம் திருப்பினால் பாதிப் பிரச்சினை தீரும்.

மூலையில் சரிவாகக் கட்டிய கணப்பு உள்ள வீடுகளும் உண்டு. வாங்கும்போது அந்த மூலைக் கணப்பைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் அதிகம். தொலைக்காட்சி விஷயத்தில் அவர்கள்தான் அதிர்ஷ்டசாலிகள். கணப்பு மூலைக்குப் போய்விட்டதால் அதன் பக்கத்துச் சுவர் முழுவதும் திரைக்குக் கிடைக்கிறது. ஒரே சோபாவிலிருந்து சற்றே முகத்தைத் திருப்பினால் இரண்டும் தெரியும்.

எதிர்ச்சுவர், பேஸ்மென்ட், மற்றவை

கணப்புக்கு எதிர்ச்சுவர் என்பது திறந்த குசினி உள்ள வீடுகளில் இல்லவே இல்லை. தனி அறையாகக் கட்டிய பழைய வீடுகளில் உண்டு. அங்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். சோபா நெருப்புக்கு முதுகைக் காட்டும். பளபளக்கும் திரையில், படத்தின் இருண்ட காட்சிகளிலெல்லாம், பின்னாலிருக்கும் சுவாலை ஆடிக்கொண்டிருக்கும். சோபாவைக் கணப்புக்கு மிக அருகில் போடவும் முடியாது. காஸ் கணப்புகளின் கையேடுகள் முன்பக்கம் பொதுவாக மூன்றடியாவது வெறுமையாக விடச் சொல்கின்றன. சுழலும் கதிரைகள் இரண்டு மட்டும் போட்டு வாழும் தம்பதிக்கு இது சரிவரும். பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அல்ல.

தொலைக்காட்சியை பேஸ்மென்ட்டுக்கு அனுப்பிவிட்டு ஃபமிலி ரூமைக் கதைக்கும் அறையாகவே வைத்திருப்போம் என்று திட்டமிடுவோர் உண்டு. நல்ல திட்டம். பேஸ்மென்ட்டை வாடகைக்கு விடாதவரை. விட்டால் அடுத்த மாதமே திரை மேலே ஏறி வந்துவிடும்.

மேலே மாட்டித்தான் ஆக வேண்டும் என்றால்

வேறு சுவரே இல்லாத அறைகள் இருக்கின்றன. டவுன்ஹவுஸ்களில் அது சர்வசாதாரணம். அப்போது இருப்பதில் நல்லதைத் தேட வேண்டும். கால் நீட்டிச் சாயும் கதிரை உள்ளவர்களுக்கு உயரம் அவ்வளவாகத் தெரியாது. முதுகு சாய்ந்தால் பார்வையும் தானாக மேலே போகிறது. மேன்டல் இல்லாத, தரையோடு தாழ்ந்த நீளவாட்டுக் கணப்பென்றால் திரையின் கீழ்விளிம்பை 48 அங்குலத்துக்கு இறக்கலாம். நடு 64இல் வரும். பத்தடியிலிருந்து 10 பாகைக்குச் சற்று அதிகம். அது பொறுக்கக்கூடியது. ஆனால் அங்கே சூட்டுச் சோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும், ஏனென்றால் காற்றைத் தள்ளிவிடத் தட்டு இல்லை.

மூன்றாவது வழி, திரையை முன்னுக்கு இழுத்துக் கண்மட்டத்துக்கு இறக்கும் தாங்கி. சில நூறு டாலர் ஆகும். உயரத்தின் வழக்கை உண்மையில் தீர்ப்பது இது ஒன்றுதான். ஆனால் இறக்கிய திரை கணப்பின் வாய்க்கு நேரே வந்து தொங்கும். அதாவது படம் பார்க்கும் நேரத்தில் நெருப்பை அணைக்க வேண்டும். முதல் மாதம் எல்லோரும் ஒழுங்காக இழுத்து இறக்குவார்கள். பிறகு அது மேலேயே நின்றுவிடும் என்பது நான் பல வீடுகளில் கண்டது. வாங்குமுன் தாங்கியின் தகட்டை ட்ரைவாலுக்கு (சுவரை மூடும் ஜிப்சம் பலகைக்கு) பின்னால் உள்ள மரச்சட்டங்களில் இறுக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். இங்கே சட்டங்கள் வழக்கமாக 16 அங்குல இடைவெளியில் வரும். ஆனால் கணப்புக்கு மேலே அந்த ஒழுங்கை நம்ப முடியாது. மேலே ஒட்டுக்கல் பதித்திருந்தால் இந்த வேலையைப் பழகியவரிடம் விடுவதே நல்லது.

கம்பிகளும் அனுமதியும்

தொலைக்காட்சியின் சாதாரண மின்கம்பியை ட்ரைவாலுக்குள் நுழைத்து மறுபக்கம் எடுப்பது சட்டப்படி கூடாது. திரைக்குப் பின்னால் தனிச் செருகி வேண்டும். ஒன்ராறியோவில் புதுச் செருகி போடுவதற்கு மின்பாதுகாப்பு ஆணையமான இ.எஸ்.ஏ.க்கு அறிவிப்புக் கொடுத்தாக வேண்டும். கூலிக்குச் செய்பவர் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரராக இருக்க வேண்டும். கணப்பையே கழற்றவோ இடம் மாற்றவோ நினைத்தால் அது மாகாணத்தின் தொழில்நுட்பத் தரப் பாதுகாப்பு ஆணையமான டி.எஸ்.எஸ்.ஏ.யின் சான்றிதழ் உள்ள காஸ் தொழில்நுட்பரின் வேலை. "எனக்குத் தெரிந்த பையன்" செய்யும் வேலை அல்ல.

கழற்றுமுன் ஒன்றை நினைவில் வைப்பது நல்லது. 2013 டிசம்பர் 21, 22இல் அடித்த உறைமழைப் புயலில் ரொறன்ரோவில் மட்டும் ஏறத்தாழ 3 லட்சம் மின் இணைப்புகள் அறுந்தன. சில இடங்களில் மின்சாரம் திரும்ப ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. மின்சாரம் இல்லாவிட்டால் ஃபர்னஸும் ஓடாது. எப்போதும் எரியும் சிறுசுடரைக் கொண்ட பழைய வகைக் காஸ் கணப்புக்கு மின்சாரம் தேவையில்லை. புதிய வகைகள் பலவற்றில் அதற்கென்று பற்றரி இருக்கும். அந்த மாதிரி ஓர் இரவில் வீடு முழுவதும் கணப்புக்கு முன்னால்தான் பாய் விரிக்கும். ஆகவே திரையையும் அலுமாரியையும் எங்கே வைத்தாலும், கணப்புக்கு முன்னால் ஆட்கள் கூடி இருக்கும் இடத்தை விட்டு வையுங்கள். கண்ணாடி மிகச் சூடாகும் என்பதால் 2015 ஜனவரிக்குப் பிறகு தயாரித்த காஸ் கணப்புகள் பாதுகாப்பு வலையோடு வருகின்றன. பழைய கணப்புள்ள வீட்டில் தவழும் பிள்ளை இருந்தால், தொலைக்காட்சித் தாங்கிக்கு முன்னர் அந்த வலையை வாங்குங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது. துளை போடாமல், தாழ்ந்த அலுமாரியில் திரையை வைத்து, பக்கத்துச் சுவரிலோ அடுத்த சுவரிலோ ஒதுக்குவதே வழி.

சொந்த வீட்டில் துளை போடுமுன் நீல நிறப் பெயின்ட் நாடாவால் திரையின் அளவைச் சுவரில் ஒட்டி வையுங்கள். மேலே ஒன்று, பக்கத்தில் ஒன்று. வழக்கமான நேரத்தில் வழக்கமான கதிரைகளில் இருந்து, நாடாவின் நடுவைச் சும்மா பார்த்துக்கொண்டு இருங்கள். வீட்டிலேயே வயது கூடியவரையும் மிகச் சிறியவரையும் கட்டாயம் உட்கார வைத்துக் கேளுங்கள். சமைப்பவர் அடுப்படியில் நின்று பார்க்கட்டும். வீட்டுக்கு வந்து போகிறவர்களிடம் மட்டும் கேட்க வேண்டாம். அவர்கள் எல்லோரும் மேலே என்றுதான் சொல்வார்கள்.

திரை கீழே இறங்கிய பிறகு மேன்டலுக்கு மேலே வெறுஞ்சுவர் நிற்குமே என்ற கவலை வரும். பட்டமளிப்புப் படங்கள் அதற்குத்தான் இருக்கின்றன. கண்ணாடி போட்ட மரச்சட்டம் என்றால் பயமில்லை. அக்ரிலிக் போட்டது சூட்டில் நெளியலாம். மெழுகுதிரிகளை அலங்காரத்துக்கு அங்கே வரிசையாக வைத்தால், கணப்பு எரிந்த மறுநாள் அவை தலைசாய்ந்து நிற்கும். சாமிப் படத்துக்குப் போடும் பிளாஸ்டிக் மாலை, வாசலில் மிஞ்சிய மாவிலைத் தோரணம், நத்தாருக்குப் பிள்ளைகள் கொளுவும் காலுறை ஆகியவை தட்டின் விளிம்புக்குக் கீழே தொங்கினால், கணப்பை மூட்டுமுன் அவற்றைக் கழற்றிவிட வேண்டும்.